கப்பலில் ஆயுதங்களும் ரேடியோ அலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்கப்பலின் மேல்தளத்தில் ரேடார்களும் ரேடியோ ஆன்டெனாக்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றிலிருந்து சில பத்து மீட்டர் தொலைவிலேயே குண்டுகளும் ஏவுகணைகளும் ஏற்றி இறக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும் துறைக்கு அமெரிக்கக் கடற்படை வைத்திருக்கும் சுருக்கப்பெயர் ‘ஹீரோ’ (வெடிபொருளுக்கு மின்காந்த அலையால் வரும் ஆபத்து என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). பிரிட்டனிலும் நேட்டோ நாடுகளிலும் ‘ராட்ஹாஸ்’ (கதிர்வீச்சு ஆபத்து) என்ற பெயர் பரவலாக வழங்குகிறது. விரிவான விதிகளும் அளவுகளும் அமெரிக்கக் கடற்படையிடமிருந்தே பொதுவெளிக்கு வந்திருப்பதால், இங்கே பெரும்பாலும் அதன் முறையே பேசப்படுகிறது.

ரேடியோ அலை எப்படி ஒரு ராக்கெட்டையோ குண்டையோ இயக்க முடியும்?

அலை நேரடியாக வெடிமருந்தைத் தொடுவதில்லை. ராக்கெட் மோட்டாரைப் பற்றவைப்பது, விமானத்திலிருந்து குண்டைக் கழற்றிவிடுவது, விமானியின் இருக்கையை வெளியே வீசுவது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்கும் சிறு வெடிப்பான்கள் செய்கின்றன. அவற்றுள் பலவற்றின் உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கம்பி இருக்கும். அதைப் பாலக்கம்பி என்று சொல்லலாம். அதன்மேல் எளிதில் தீப்பற்றும் கலவை பூசியிருப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடேறும், கலவை பற்றும், அது அடுத்த மருந்தைப் பற்றவைக்கும்.

விமானியின் பொத்தானிலிருந்து வந்த மின்சாரமா, ரேடியோ அலை தூண்டிய மின்சாரமா என்று பாலக்கம்பி பிரித்துப் பார்ப்பதில்லை. வெடிப்பானுக்குப் போகும் இணைப்புக் கம்பிகள், அவை செருகப்படும் கேபிள், ஏவுகணையின் உலோக உடல், அதைத் தூக்கும் கிரேன், கனெக்டரைப் பிடித்திருக்கும் ஆள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆன்டெனா ஆகிவிடலாம். அந்த ஆன்டெனா வாங்கும் ஆற்றல் பாலக்கம்பியில் போய்ச் சேர்வதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல்.

வேறொரு வழியும் உண்டு. இரண்டு முனைகளும் ஒரே அளவு மின்னழுத்தத்துக்கு உயர்ந்து, முனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே உள்ள கலவையின் ஊடாகப் பொறி பாயலாம். பாலக்கம்பி சூடாகாமலே பற்றிக்கொள்ளும். முனைக்கும் முனைக்கும் இடையே மட்டும் அளந்துவிட்டுப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு மின்சாரம் போதும்?

வெடிப்பானுக்கு வெடிப்பான் மாறும். ராணுவப் பயன்பாட்டில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் ஓர் அளவுகோல் ‘1 ஆம்பியர், 1 வாட்’. 1 ஆம்பியரும் 1 வாட்டும் 5 நிமிடம் தொடர்ந்து செலுத்தினாலும் வெடிக்கக்கூடாது. குவாரியில் பயன்படும் சாதாரண மின் டெட்டனேட்டர்கள் இவ்வளவு தாங்காது. அவற்றில் பல, கால் ஆம்பியரைத் தாண்டினாலே நம்பிக்கைக்கு உரியவை அல்ல.

‘இதுவரை வெடிக்காது’ என்று குறிக்கும் உச்ச அளவு புள்ளியியல் கணக்கில் கிடைப்பது. 95% நம்பக அளவில், வெடிக்கும் வாய்ப்பு 0.1% மட்டுமே உள்ள மின்னோட்டம் எது என்று சோதித்து அதைக் குறிக்கிறார்கள். கப்பலில் அந்த எல்லை வரை போவதில்லை. தவறி வெடித்தால் உயிருக்கோ கப்பலுக்கோ கேடு வரும் இடங்களில், ரேடியோ அலையால் தூண்டப்படும் மின்னோட்டம் அந்த உச்ச அளவில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. டெசிபெல் கணக்கில் இது அந்த உச்சத்துக்கு 16.5 கீழே. ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கமாக மாறுவதால், 15% மின்னோட்டம் என்பது ஆற்றலில் 2.25% மட்டுமே. 1 ஓம் மின்தடை உள்ள 1 ஆம்பியர் வெடிப்பானுக்கு இது 0.15 ஆம்பியர், அதாவது 22.5 மில்லிவாட்.

ரேடார்தானே பெரிய ஆபத்து? குறுஅலை ரேடியோவுக்கு ஏன் இவ்வளவு அச்சம்?

இந்தத் துறைக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். ரேடாரின் மெகாவாட் எண்களைப் பார்த்து மிரள்வார்கள், 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுஅலை டிரான்ஸ்மிட்டரை அலட்சியமாக விடுவார்கள். கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழாகத் தெரியும்.

அரை அலைநீள ஆன்டெனா ஒன்று அலையிலிருந்து ஆற்றலை ‘அறுவடை’ செய்யும் பரப்பு, அலைநீள வர்க்கத்தின் 0.13 மடங்கு. 30 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மீட்டர், எனவே பரப்பு 13 சதுர மீட்டர். 3 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் அலைநீளம் 10 சென்டிமீட்டர், பரப்பு 0.0013 சதுர மீட்டர். இரண்டிலும் புலச்செறிவு (அந்த இடத்தில் அலையின் மின்புல வலிமை) மீட்டருக்கு 10 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் 0.265 வாட் வருகிறது. முதல் ஆன்டெனா 3.4 வாட் வாங்கும், இரண்டாவது 0.34 மில்லிவாட். பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. முன்னது 1 வாட் வெடிப்பானை எல்லை தாண்ட வைக்கப் போதும், பின்னதோ 22.5 மில்லிவாட்டின் பக்கத்தில்கூட வரவில்லை.

இது எல்லாம் பொருந்தி அமைந்த மோசமான நிலைக்கான கணக்கு. உண்மையில் மின்தடை ஒத்துப்போகாததால் இழப்பு இருக்கும். ஆனாலும் கப்பலில் 10 மீட்டர் நீள ஆன்டெனாவுக்குப் பஞ்சமில்லை. 8 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 9.4 மீட்டர். கிரேனின் கம்பிவடம், விமானத்தின் உடல், தளத்தில் இழுத்துப்போட்ட மின்கேபிள் எல்லாமே இந்த நீளத்துக்கு வரும். தரையில் நிற்கும் மனித உடலே 35 முதல் 40 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் நன்றாக ஒத்ததிர்கிறது. வெற்றுக் கையால் கனெக்டரின் முனையைத் தொடும் ஆள், தன் உடலில் தூண்டப்பட்ட மின்னோட்டத்தை நேராக வெடிப்பானுக்குள் அனுப்புகிறார்.

ரேடாருக்கு இதனால் விலக்கு என்று பொருளல்ல. அதன் கற்றைக்குள் நேராக நின்றால் புலச்செறிவு மீட்டருக்குப் பல நூறு வோல்ட்டைத் தாண்டும். அதன் சிற்றலை சில மில்லிமீட்டர் இடுக்கிலும் நுழையும்.

ரேடாரில் உச்ச ஆற்றலைப் பார்க்க வேண்டுமா, சராசரியையா?

வெடிப்பானின் வகையைப் பொறுத்தது. சூடேறும் பாலக்கம்பி மில்லிநொடிக் கணக்கில் சூடாகி ஆறுவது. ரேடார் துடிப்போ மைக்ரோநொடி அளவு. அதனால் பாலக்கம்பி பெரும்பாலும் சராசரியைத்தான் உணர்கிறது. மெல்லிய படலம், குறைக்கடத்திப் பாலம் போன்ற வேகமான வகைகளுக்கு ஒரே துடிப்பின் உச்சமே கேடு செய்யக்கூடும். குண்டை எப்போது வெடிக்கவைப்பது என்று தீர்மானிக்கும் மின்னணு ஃபியூஸ் சுற்றுகளும் அப்படித்தான்: வெடிப்பானைச் சூடாக்காமல், சுற்றின் தர்க்கத்தைக் குழப்பித் தவறான கட்டளை தரவைக்கலாம். அதனால் அமெரிக்க ராணுவத் தர ஆவணமான மில்-எஸ்டிடி-464, 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 50 கிகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவரிசைப் பட்டைக்கும் உச்சம், சராசரி இரண்டையும் தனித்தனியே தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 25 கிலோவாட் வழிகாட்டு ரேடார், ஆன்டெனா பெருக்கம் (ஆற்றலை ஒரே திசையில் குவிக்கும் அளவு) 1000 மடங்கு, துடிப்பு 0.25 மைக்ரோநொடி, நொடிக்கு 2000 துடிப்பு. சராசரி ஆற்றல் 12.5 வாட்தான். கற்றையின் நடுவில் 300 மீட்டர் தொலைவில் உச்சப் புலம் மீட்டருக்கு 91 வோல்ட், சராசரி 2 வோல்ட். ஆன்டெனா சுழன்றால் சராசரி இன்னும் இறங்கும். அந்த ரேடார் ஒரே திசையை நோக்கி நின்றுவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. பராமரிப்பு வேலைக்காகச் சுழற்சியை நிறுத்திவிட்டு ஒலிபரப்பை மட்டும் ஓடவிடுவது ஆபத்தாவது இதனால்தான்.

ஆயுதங்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

மின்வெடிப்பான் இல்லாத, அடித்தால் மட்டும் வெடிக்கும் தோட்டாக்கள் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. மற்றவை மூன்று வகை.

பாதுகாப்பானவை: கூட்டின் கவசமும் வடிகட்டியும் போதுமானவை, தர ஆவணம் சொல்லும் புலம் முழுவதிலும் பாதிப்பில்லை என்று சோதனையில் தெரிந்தவை. பொதுவான நடைமுறை மட்டும் போதும்.

பாதிக்கப்படக்கூடியவை: சில அலைவரிசைகளில், சில அளவுக்கு மேல் தாங்காதவை. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பட்டையில் எவ்வளவு வரை என்ற எல்லை உண்டு.

பாதுகாப்பற்றவை: பட்டியலில் நிரந்தரமாக இந்த வகையில் இருப்பவை குறைவு. ஆனால் எந்த ஆயுதமும் நொடியில் இந்த வகைக்கு மாறிவிடும். உள் ஒயரிங் வெளியே தெரியும்படி திறந்தால், பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தால், வழக்கத்தில் இல்லாத கூடுதல் ஒயர்களை இணைத்துச் சோதித்தால், வெடிப்பானின் கம்பிகள் வெறுமையாக இருந்தால், கீழே விழுந்து கவசம் பிளந்தால் அது அந்தக் கணம் முதல் பாதுகாப்பற்றது. பெட்டியில் ‘பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருப்பது, மூடிய முழுமையான ஆயுதத்துக்கு மட்டுமே பொருந்தும்.

தனியே சொல்லவேண்டிய ஒன்று 20 மில்லிமீட்டர் விமானப் பீரங்கித் தோட்டா. எம்-61 வல்கன் பீரங்கிக்கான தோட்டாக்களின் பிரைமர் (பின்பக்கத்தில் உள்ள பற்றவைப்பான்) அடியால் இயங்குவதில்லை, மின்சாரத்தால் இயங்குகிறது. கம்பிக்குப் பதில் கலவையே மின்சாரம் கடத்தும் அமைப்பு அது. பார்க்கச் சாதாரணத் தோட்டா போலவே இருப்பதால் தளத்தில் அலட்சியமாகக் கையாளப்படுகிறது. பிரைமர் பக்கத்தை விரலாலோ உலோகக் கருவியாலோ தொடக்கூடாது.

எந்த வேளையில் ஆபத்து மிகுதி?

கனெக்டர் செருகும் வேளையும் கழற்றும் வேளையும்தான். கிடங்கில், கொண்டுசெல்லும்போது, கோக்கும்போது, தளத்தில் காத்திருக்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, ஏற்றி முடித்தபின், ஏவிய உடனே என்று ஓர் ஆயுதத்தின் வாழ்வு பல கட்டங்களாகப் பார்க்கப்படுகிறது. கட்டத்துக்குக் கட்டம் அனுமதிக்கும் புலம் மாறும். எஃகுச் சுவர்களுக்குள் உள்ள கிடங்கில் வெளி ரேடியோ அநேகமாக எட்டாது. விமானத்தில் பொருத்தி எல்லாக் கேபிளையும் செருகி மூடியபின் கவசம் முழுமையாகிவிடும். நடுவில், மூடி கழற்றியும் கேபிள் இன்னும் செருகப்படாமலும் இருக்கும் அந்த அரை நிமிடத்தில், கவசத்தில் வாசல் திறந்திருக்கிறது, வாசலில் ஒரு மனிதக் கை இருக்கிறது. விதிகள் அனைத்தும் முதன்மையாக இந்த அரை நிமிடத்துக்காகவே எழுதப்பட்டவை.

செருகும் விதத்திலும் நுணுக்கம் உண்டு. கனெக்டரின் உலோக வளையம் முதலில் தொட்டு, பின்பே உள்முனைகள் சேரவேண்டும். வளையத்தைப் பிடித்துச் செருக வேண்டும், முனைகளில் விரல் படக்கூடாது. பாதுகாப்பு மூடியைச் செருகப்போகும் வேளையில்தான் கழற்ற வேண்டும், ‘நேரம் மிச்சம்’ என்று பத்து ஆயுதங்களின் மூடிகளையும் முன்கூட்டியே கழற்றி வைக்கக்கூடாது.

கப்பலில் ஒழுங்குமுறை எப்படி நடக்கிறது?

ஒவ்வொரு கப்பலுக்கும் தனியே தயாரித்த ஒரு கட்டுப்பாட்டு அட்டவணை இருக்கும். ‘எம்கான்’ (அலை வெளியீட்டுக் கட்டுப்பாடு) அட்டவணை என்பார்கள். எந்த ஆயுதம், கப்பலின் எந்த இடத்தில், எந்த வேலை என்று ஒரு பக்கமும், அப்போது எந்த டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும், எதன் ஆற்றலைக் குறைக்க வேண்டும், எந்த ரேடாரை எந்தத் திசைக்குத் திருப்பக்கூடாது என்று மறுபக்கமும் இருக்கும். இன்னொரு கப்பலின் அட்டவணையை, அது அதே வகுப்புக் கப்பலாக இருந்தாலும், அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாது. ஓர் ஆன்டெனா இரண்டு மீட்டர் தள்ளியிருந்தாலும் தளத்தின் புலம் மாறிவிடும்.

வேலையின் வரிசை இது. ஆயுதப் பிரிவு தான் கையாளப்போகும் பொருள்களை அட்டவணையில் பார்த்து, மிகக் கடுமையான கட்டுப்பாடு எதற்குத் தேவையோ அதையே முழு வேலைக்கும் கேட்கும். தகவல்தொடர்புப் பிரிவும் ரேடார் பிரிவும் தத்தம் கருவிகளை அணைத்து, தற்செயலாக யாரும் இயக்காதபடி அட்டை மாட்டி, அணைத்துவிட்டோம் என்று பாலத்துக்கு (கப்பலை நடத்தும் கட்டுப்பாட்டு அறைக்கு) சொல்லும். கடமையில் உள்ள அதிகாரி அறிவித்தபின்தான் முதல் பெட்டி திறக்கும். முடிந்தபின் எல்லா மூடிகளும் போடப்பட்டதை ஆயுதப் பிரிவு உறுதிசெய்யாமல் ஒரு டிரான்ஸ்மிட்டரும் இயங்கக்கூடாது.

நடைமுறையில் சறுக்கும் இடம் கடைசிப் படி. ‘ஏற்றி முடிந்தது’ என்ற சொல்லை ரேடியோ அறை ‘எல்லாம் மூடியாயிற்று’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றல்ல. அறிவிப்பில் பயன்படும் வாக்கியத்தை முன்பே எழுதி இரு தரப்பும் வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது.

பக்கத்தில் வரும் கப்பலும் கணக்கில் சேரும். கடல் நடுவே இணையாகச் சென்று ஆயுதம் மாற்றும்போது, அடுத்த கப்பலின் ஆன்டெனா நம் தளத்துக்கு மிக அருகில் இருக்கும். வந்திறங்கும் ஹெலிகாப்டரின் குறுஅலை ரேடியோவும் அப்படித்தான்.

பாதுகாப்பான தூரத்தை நாமே கணக்கிட முடியுமா?

முதல் மதிப்பீட்டுக்கு முடியும். 30ஐ ஆற்றலாலும் (வாட்) ஆன்டெனாப் பெருக்கத்தாலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தால் (மீட்டர்) வகுத்தால் மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று கிடைக்கும். 25 வாட் கப்பல் விஎச்எஃப் ரேடியோ, பெருக்கம் 2 என்றால் 1 மீட்டரில் 39 வோல்ட், 10 மீட்டரில் 4 வோல்ட்.

ஆனால் இந்தச் சூத்திரம் தொலைப்புலத்துக்கு, அதாவது ஆன்டெனாவிலிருந்து போதிய தூரம் தள்ளி அலை சீராகப் பரவும் பகுதிக்கு, உரியது. 2 மீட்டர் அகல ரேடார் ஆன்டெனாவுக்கு 9 கிகாஹெர்ட்ஸில் தொலைப்புலம் தொடங்குவதே சுமார் 250 மீட்டரில். குறுஅலையிலோ முழுக் கப்பலும் ஆன்டெனாவின் பகுதி போல நடந்துகொள்ளும். ஒரு நல்ல எதிரொலிப்புப் பரப்பு இருந்தால் புலம் இருமடங்கு ஆகலாம், ஆற்றலில் அது நான்கு மடங்கு. அதனால் சொந்தத் தளத்துக்கான எண்ணை அளவிட்டே பெறவேண்டும், காகிதத்தில் பெறக்கூடாது. புதிய ஆன்டெனா பொருத்தினாலோ இருப்பதை இடம் மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும்.

வாக்கி-டாக்கி, செல்போன் வைத்திருக்கலாமா?

5 வாட் கையடக்க ரேடியோ 1 மீட்டரில் மீட்டருக்குச் சுமார் 12 வோல்ட் தரும். சிறிய எண்ணாகத் தோன்றும், ஆனால் அது கையில் வருகிறது. குனிந்து கனெக்டரைப் பார்ப்பவரின் தோளில் மாட்டியிருந்தால் தூரம் 30 சென்டிமீட்டர். பெரிய ரேடாரை அணைத்துவிட்டுச் சட்டைப்பையில் ஒரு டிரான்ஸ்மிட்டரோடு நிற்பதில் பொருளில்லை.

செல்போனில் வேறு சிக்கல்: யாரும் பேசாவிட்டாலும் அது தானே கோபுரத்தைத் தேடி ஒலிபரப்பும். சிக்னல் பலவீனமான இடத்தில் முழு ஆற்றலுக்குப் போகும். பழைய 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் போனின் உச்சம் 2 வாட். ‘சைலன்ட்’டில் போட்டால் மணிதான் நிற்கும், அலை நிற்காது. தானே இயங்கும் பிற கருவிகளையும் மறந்துவிடக்கூடாது: கப்பலின் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏஐஎஸ் (12.5 வாட்), சரக்கு எண்ணும் ஆர்எஃப்ஐடி கருவி, வைஃபை. அட்டவணை எழுதிய காலத்தில் இல்லாத ஒரு கருவி இன்று தளத்தில் இருந்தால், அட்டவணையில் இல்லாததே அதை நிறுத்தக் காரணம்.

வெடிப்பானின் இரு கம்பிமுனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டால் போதாதா?

பேட்டரி மின்சாரத்துக்குப் போதும், ரேடியோ அலைக்குப் போதாது. முனைகளை முறுக்கினால் ஒரு வளையம் உருவாகும். வளையமும் ஓர் ஆன்டெனாதான், அதன் ஒரு முனையில் பாலக்கம்பி உட்கார்ந்திருக்கிறது. குறுக்கிணைப்பு வெடிப்பானை ஒட்டியே இருக்கவேண்டும், அதைச் சுற்றி உலோக மூடி முழுவதுமாக மூடவேண்டும். கம்பிகளை நீளம் முழுவதும் நெருக்கமாக முறுக்கி உலோகப்படலத்தில் சுற்றுவது வளையத்தின் பரப்பைக் குறைக்கும், ஆனால் உலோகப் பெட்டிக்கு அது மாற்றாகாது.

கவசமிட்ட கேபிள்தானே, பிறகு ஏன் ஒழுகுகிறது?

பெரும்பாலும் கேபிளின் நடுவில் ஒழுகுவதில்லை, முனையில் ஒழுகுகிறது. பின்னல் கவசத்தைக் கனெக்டரின் பின்பக்கத்தில் சுற்றிலும் 360 பாகை இறுக்கிப் பிடிக்கவேண்டும். அதற்குப் பதில் பின்னலை ஒதுக்கி எலிவால் போல ஒரே ஒயராக முறுக்கித் திருகாணியில் மாட்டுகிறார்கள். 5 சென்டிமீட்டர் எலிவாலின் தூண்டம் ஏறத்தாழ 50 நானோஹென்றி. மல்டிமீட்டரில் வைத்தால் பூஜ்யம் காட்டும். ஆனால் அலைவரிசை ஏற ஏற அதன் தடை ஏறும்: 10 மெகாஹெர்ட்ஸில் 3 ஓம், 300 மெகாஹெர்ட்ஸில் 94 ஓம். கவசம் அறுந்ததற்குச் சமம்.

மற்றவை கடலுக்கே உரிய கோளாறுகள். இணைப்புப் பரப்பில் பெயின்ட் அடிப்பது, அலுமினியமும் எஃகும் சேருமிடத்தில் உப்பு அரிப்பு, கதவின் கடத்தும் கேஸ்கெட்டுக்குப் பதில் சாதாரண ரப்பர். இரு உலோகப் பரப்புகள் சேரும் இடத்துக்கு வழக்கமான எல்லை 2.5 மில்லிஓம். அதைச் சாதாரண மீட்டரால் அளக்க முடியாது, நான்குமுனை அளவி வேண்டும். வெடிப்பான் சுற்றை எந்தச் சாதாரண ஓம் மீட்டராலும் தொடக்கூடாது, அந்த வேலைக்கென ஒப்புதல் பெற்ற மீட்டருக்கு மட்டுமே அனுமதி.

வெடிக்கவில்லை என்றால் எல்லாம் சரிதானே?

இல்லை. வெடிக்கும் அளவுக்குக் கீழே மீண்டும் மீண்டும் சூடானால் பாலக்கம்பியைச் சுற்றியுள்ள கலவை கெட்டுப்போகலாம். வேண்டிய நேரத்தில் இருக்கை வெளியேறாமல் போனால் விமானி சாவார். வெளியே எந்த அடையாளமும் தெரியாத கோளாறு இது. நம்பகம் மட்டும் பாதிக்கப்படும் இடங்களுக்கும் 6 டெசிபெல் அளவில் ஓர் இடைவெளி கேட்கப்படுவது இதனால்தான்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

அமெரிக்கக் கடற்படையில் இந்த வேலையின் மையம் வர்ஜினியா மாநிலத்தின் டால்கிரன். வெடிமருந்து நீக்கிய ஆயுதத்தில், உண்மையான பாலக்கம்பியை ஒட்டி வெப்பநிலை உணரியை வைப்பார்கள். உணரியிலிருந்து உலோக ஒயர் வெளியே வந்தால் அதுவே ஆன்டெனாவாகி அளவைக் கெடுக்கும், எனவே ஒளியிழை பயன்படுகிறது. பிறகு, உண்மையான ஏற்றுக் குழு செய்வதுபோலவே ஆட்கள் அதைத் தொட்டு, செருகி, கழற்றும்போது ஒவ்வொரு பட்டையிலும் அலை பாய்ச்சப்படும். ஆளில்லாமல் சோதித்தால் ஆன்டெனாவின் முக்கியப் பகுதி விட்டுப்போகும்.

1967இல் ஃபாரஸ்டல் கப்பலில் நடந்தது ரேடாரால்தானா?

அப்படி எழுதப்பட்ட குறிப்புகள் பல உலவுகின்றன. 1967 ஜூலை 29 அன்று டோங்கின் வளைகுடாவில் யுஎஸ்எஸ் ஃபாரஸ்டல் விமானந்தாங்கியில், ஒரு எஃப்-4 ஃபான்டம் விமானத்திலிருந்து ஜூனி ராக்கெட் தானே பாய்ந்து எதிரே நின்ற ஏ-4 ஸ்கைஹாக்கின் எரிபொருள் தொட்டியைத் தாக்கியது. 134 பேர் உயிரிழந்தார்கள். கடற்படை விசாரணை சுட்டியது ரேடாரை அல்ல. விமானம் வெளி மின்சாரத்திலிருந்து உள் மின்சாரத்துக்கு மாறியபோது எழுந்த மின்வீச்சைத்தான். ராக்கெட்டின் இணைப்பு ஒயரை விமானம் ஏவுமேடைக்குப் போனபின் செருகவேண்டும் என்பது விதி, அது முன்பே செருகப்பட்டிருந்தது. பாதுகாப்பு ஊசியும் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. அலையால் நேர்ந்த விபத்தாக இதைக் காட்டுவது பிழை. ஆனால் இணைப்பைக் கடைசி வரை தள்ளிப்போடும் விதி எதற்காக என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

நிலைமின்சாரமும் இதில் சேருமா?

காரணம் வேறு, காப்பு ஏறத்தாழ ஒன்றே. சோதனையில் மனித உடலுக்கு 500 பிகோஃபாரட், 25 கிலோவோல்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள், ஆற்றல் 0.16 ஜூல். சரக்கைத் தொங்கவிட்டபடி மிதக்கும் ஹெலிகாப்டருக்கு 1000 பிகோஃபாரட், 300 கிலோவோல்ட், அதாவது 45 ஜூல். அதனால் கொக்கியை வெறுங்கையால் தொடுவதற்கு முன் தரையிணைப்புக் கோலால் அந்த மின்னூட்டத்தை இறக்கவேண்டும். உலோகப் பெட்டி மூடியே இருந்தால் உள்ளே உள்ள வெடிப்பானுக்கு இரண்டு வகையிலும் காப்பு உண்டு.

ஆட்களுக்கும் எரிபொருளுக்கும்?

இவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. கிரேன் கொக்கியில் திறந்த சுற்று மின்னழுத்தம் 140 வோல்ட்டைத் தாண்டினால் ரேடியோச் சூட்டுக்காயம் வரக்கூடும் என்பது அமெரிக்கக் கடற்படையின் எல்லை. கொக்கியைத் தொட்டுக் கை சுட்டது என்று யாராவது சொன்னால், அந்தக் கொக்கியில் வெடிபொருள் தூக்குவதை உடனே நிறுத்த வேண்டும். எரிபொருளில் பெட்ரோல்தான் பெரிய கவலை. தீப்பற்றும் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் உள்ள ஜேபி-5 என்ற விமான எரிபொருள் பயன்படும் கப்பல்களில் அது குறைவு.

சரக்குக் கப்பலில் மின் டெட்டனேட்டர் ஏற்றினால்?

முதலில் ஆவணத்தில் ஐநா எண்ணைப் பாருங்கள். 0030, 0255, 0456 ஆகியவை மின்சாரத்தால் இயங்குபவை. 0029, 0267, 0455 மின்சாரம் இல்லாதவை. மின் வகை என்றால், ஏற்றி இறக்கும்போது குறுஅலை டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்க வேண்டும், ரேடார் நிற்க வேண்டும், பெட்டிகள் திறக்கப்படக்கூடாது. எந்தத் தூரம் என்பதைத் துறைமுக அதிகாரியின் விதியும் தயாரிப்பாளரின் அட்டவணையும் சொல்லும். உலோக உறை கிழிந்த பெட்டியை ஏற்க மறுப்பது கப்பல் அதிகாரியின் உரிமை.

ஓர் ஆயுதம் கீழே விழுந்து ஒயர் வெளியே தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

தொடாதீர்கள், ஒயரை உள்ளே தள்ளவோ மூடியைத் திரும்பப் போடவோ முயலாதீர்கள். பக்கத்தில் நின்று ரேடியோவில் உதவி கேட்கவும் கூடாது. விலகிச் சென்று, கப்பலின் ஒயர் தொலைபேசியில் பாலத்துக்குச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஆள் அனுப்புங்கள். ‘பாதுகாப்பற்ற வெடிபொருள், இன்ன இடம்’ என்ற இரண்டு தகவல் போதும். பாலம் அந்த வகைக்குரிய மிகக் கடுமையான கட்டுப்பாட்டை அமலாக்கி, அருகில் உள்ள கப்பல்களுக்கும் தெரிவிக்கும். அந்தச் செய்தி வேறு கப்பலுக்கு ரேடியோவில்தான் போகவேண்டும் என்றால், எந்தக் கருவியில், எந்த ஆற்றலில் என்பதை அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். எல்லா டிரான்ஸ்மிட்டரும் நின்றது உறுதியானபின்தான் வெடிபொருள் அகற்றும் குழு அதன் அருகே போகும்.